பறித்த நாளையும் கேளுங்கள்

மூலிகைக் கேள்வி பதில்

திருநெல்வேலி டவுனில் என் அப்பா நடத்திய மூலிகை மண்டியில் 15 வயதில் சாக்கு தைக்க உட்கார்ந்தவன் நான். அப்புறம் 40 வருடம் அதே மண்டியில் இலை வாங்கி, காய வைத்து, சலித்து, தூத்துக்குடிக்கு லாரி ஏற்றியிருக்கிறேன். இப்போது மண்டியை மகன் பார்க்கிறான். நான் மூன்றடைப்புப் பக்கம் இரண்டு ஏக்கரில் செடி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்தபோது பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்தான். ஒரே பெயருள்ள செடி, ஒரு கை பட்டால் மருந்தாகவும் இன்னொரு கை பட்டால் வெறும் சருகாகவும் ஏன் இருக்கிறது? இந்தத் தடவை அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

நாங்குநேரி பக்கத்திலிருந்து ஒரு விவசாயி:

“அண்ணாச்சி, போன வருடம் ஒன்றரை ஏக்கரில் நிலவாகை போட்டேன். கிணற்றில் தண்ணீர் கிடந்ததால் வாரம் ஒரு தடவை பாய்ச்சினேன். யூரியாவும் இரண்டு தடவை போட்டேன். செடி இடுப்பளவு வந்தது, இலையும் நல்ல அகலம். ஆனால் இலையைச் சோதனைக்கு அனுப்பிய வியாபாரி, சத்துக் குறைவு என்று விலையைக் குறைத்துவிட்டார். பக்கத்துக் காட்டுக்காரர் மானாவாரியில் போட்டது முழங்கால் உயரம்கூட இல்லை. அவருக்கு என்னைவிட நல்ல விலை. நான் எங்கே தப்பு செய்தேன்?”

தம்பி, நீங்கள் செய்தது கீரைக்குச் செய்கிற பண்டுவம். கீரை என்றால் இலை அகலமாக, சாறாக இருந்தால்தான் விலை. நிலவாகையை அகலம் பார்த்து யாரும் வாங்குவதில்லை. அதற்குள் இருக்கிற சென்னோசைடு என்ற பேதிச்சத்துக்காக வாங்குகிறார்கள். உங்கள் தோட்டத்தில் இலை பெருகியது, சத்து அதே வேகத்தில் பெருகவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். செடி வெயிலைக் கொண்டு சர்க்கரை செய்கிறது. தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் அந்தச் சர்க்கரையைப் புதுக் கிளை, புது இலை என்று வளர்ச்சிக்கே போட்டுவிடும். தண்ணீர் கொஞ்சம் குறையும்போது முதலில் நிற்பது வளர்ச்சி. இலை பச்சையாக இருக்கிற வரைக்கும் சர்க்கரை செய்வது அவ்வளவு சீக்கிரம் நிற்காது. அப்படி மிஞ்சுகிற சர்க்கரையிலிருந்து கசப்பு, துவர்ப்பு, வாசனை என்று தன்னைக் காத்துக்கொள்கிற பொருட்களைச் செடி கூடுதலாகச் செய்கிறது. வறண்ட காலத்தில் போன இலை திரும்ப முளைப்பது கஷ்டம். அதனால் இருக்கிற இலையை ஆடும் புழுவும் தின்னாமல் காப்பது அதற்கு முக்கியம். சென்னோசைடு அந்த வகைப் பொருள்தான். அதில் தழைச்சத்து கிடையாது, கரியும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான் இருக்கின்றன. யூரியா இலையைக் கூட்டும், இந்தச் சத்தைக் கூட்டித் தராது.

ஒரு பேச்சுக்கு இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ காய்ந்த இலையில் நூற்றுக்கு 2 பங்கு சத்து இருந்தால் மொத்தம் 2 கிலோ. 75 கிலோவில் நூற்றுக்கு 3 பங்கு இருந்தால் இரண்டே கால் கிலோ. மூட்டை குறைந்தவர் வீட்டில் மருந்து கூடுதலாக இருக்கிறது. நான் மண்டியில் இருந்த காலத்தில் ஐரோப்பாவுக்குப் போகிற இலையில் இந்தச் சத்து நூற்றுக்கு 2.5 பங்காவது இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அவர்களுடைய மருந்துத் தரநூலில் இருந்த அளவு அது. நெற்றுக்கு, அதாவது காய்ந்த காய்க்கு, வேறு கணக்கு. நம் திருநெல்வேலி நெற்று என்றால் 2.2, எகிப்துப் பக்கத்து அலெக்சாண்டிரியா நெற்று என்றால் 3.4. செடியின் பேர் ஒன்றாக இருந்தாலும் எந்த மண்ணில் விளைந்தது என்று பார்த்துத் தனித்தனியாகக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். நம் ஊர்ப் பெயரில் ஒரு சரக்கு உலகம் முழுவதும் அறியப்பட்டிருப்பது எனக்கு எப்போதும் பெருமை. அதனால்தான் அது கோட்டுக்குக் கீழே போனால் மனசு கஷ்டப்படும்.

இதைப் படித்துவிட்டு அடுத்த வருடம் சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் போட்டுவிடாதீர்கள். அளவுக்கு மீறி வறண்டால் செடி இலையையே உதிர்த்துவிடும். விதை முளைத்து வேர் பிடிக்கிற வரைக்கும் ஈரம் வேண்டும். அதற்குப் பிறகு, மத்தியானம் லேசாகத் தலை சாய்ந்து சாயங்காலம் நிமிர்ந்து நிற்கிற செடிக்குத் தண்ணீர் தேவையில்லை. சாயங்காலமும் நிமிராவிட்டால் ஒரு தண்ணீர் விடுங்கள். நிலவாகைக்குத் தேங்கிய தண்ணீர் ஆகவே ஆகாது. செவல் நிலத்தில் நன்றாக வருவதற்கு அந்த மண்ணில் தண்ணீர் நிற்காததும் ஒரு காரணம்.

கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். எத்தனையாவது நாள் பறித்தீர்கள்? இளம் இலையில் இந்தச் சத்து அதிகம், இலை முற்ற முற்ற வீதம் குறையும். விதைத்து இரண்டு மூன்று மாதத்தில் முதல் பறிப்பு, அதன்பின் மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒரு பறிப்பு என்று போனால் செடி திரும்பத் திரும்பக் கொழுந்து விடும். பூங்கொத்து வந்ததும் கிள்ளிவிட்டால் செடி காய்க்கப் போகாமல் இலைக்குத் திரும்பும். செடி பெரிதாகட்டும், ஒரே அறுப்பாக அறுத்துவிடலாம் என்று காத்திருந்தால் மூட்டை நிறையும், பாதி முற்றிய இலையாக இருக்கும். இடுப்பளவு வந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் நீங்களும் அப்படிக் காத்திருந்தீர்களோ என்று தோன்றுகிறது.

அப்புறம் காய வைப்பது. இதில் என் சொந்த நஷ்டத்தைச் சொல்ல வேண்டும். பச்சை நிலவாகை இலையில் சென்னோசைடு முழு வடிவில் இருப்பதில்லை, அதன் முன்வடிவம்தான் இருக்கிறது. நிழலில் மெல்லப் பரப்பி வைத்தால், உலர்கிற அந்த ஏழெட்டு நாளில் இலைக்குள் இருக்கிற நொதிகள் அதை முழுச் சத்தாக மாற்றுகின்றன. கடும் சூட்டில் சுட்டு உலர்த்தினால் நொதி செத்துப்போகும். ஈரமாகக் குவித்து வைத்தால் இலை புழுங்கிக் கெடும். ஒரு ஐப்பசியில் மூன்று ஊர்களிலிருந்து வந்த இலையை வாங்கிப் போட்டிருந்தேன். அடைமழை பிடித்துக்கொண்டது. கொட்டகையில் இடம் போதவில்லை என்று இரண்டு நாள் குவித்தே வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் குவியலுக்குள் கையை விட்டால் சுட்டது. வெளியே எடுத்தால் இலை கறுத்திருந்தது. இருந்தாலும் மேலே இருந்த நல்ல இலையோடு கலந்து அனுப்பினேன். ஏற்றுமதிக்காரர் சோதித்துவிட்டு லாரியோடு திருப்பி அனுப்பினார். அவர் செய்தது சரிதான். அன்றைக்கு மூன்று ஊர் விவசாயிகளுக்கும் கொடுக்க வேண்டிய பணத்தைக் கடன் வாங்கித்தான் கொடுத்தேன். அதற்குப் பிறகு மழைக்காலத்தில் இடத்துக்கு மேல் ஒரு மூட்டைகூட வாங்கியதில்லை.

உங்கள் வீட்டுத் திண்ணையோ கொட்டகையோ எதுவாக இருந்தாலும், இலையை மெல்லிசாகப் பரப்பி, தினம் இரண்டு தடவை கிளறிவிடுங்கள். மஞ்சள் சாய்ந்த பச்சை நிறம் வந்து, கையில் நொறுக்கினால் சத்தம் கேட்டால் மூட்டை கட்டலாம். முதல் பறிப்பு, இரண்டாம் பறிப்பு என்று சாக்கில் எழுதித் தனித்தனியாக வையுங்கள். முதல் பறிப்புக்குத் தனி விலை கேளுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சாத்தான்குளத்திலிருந்து ஒரு வாசகி:

“ஐயா, எங்கள் பக்கம் அவுரி இலை என்று விற்பதை வாங்கித் தலைமுடிச் சாயத்துக்கு அரைத்துப் போட்டேன். நிறமே பிடிக்கவில்லை. இலை பழசா?”

அம்மா, உங்களுக்குக் கொடுத்தது நிலவாகையாக இருக்கும். உங்கள் பக்கத்துச் சந்தையில் நிலவாகையையும் அவுரி என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். சாயத்துக்கான நீல அவுரி வேறு செடி. அதன் இலை சின்னதாக, வட்டமாக இருக்கும். காயும்போது கருநீலம் ஏறும். நிலவாகை நீளமாக, ஈட்டி மாதிரி கூர்மையாக இருக்கும், காய்ந்தால் மஞ்சள் பச்சை. நீல அவுரியிலும் வயது முக்கியம்: பூக்கத் தொடங்குகிற சமயத்தில் அறுத்த தழையில்தான் சாயம் நன்றாக இறங்கும். தலையில் போட்டதால் உங்களுக்குக் கெடுதல் இல்லை. மீதி இருப்பதை யாரும் கஷாயமாகக் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வயிறு அடியோடு கலக்கிவிடும்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு இல்லத்தரசி:

“ஐயா, மழைக்காலம் வந்தால் வீட்டில் எல்லோருக்கும் நிலவேம்பு போட்டுக் கொடுப்பேன். ஒரு கடையில் வாங்கியது நாக்கில் வைக்க முடியாத கசப்பு. இன்னொரு கடையில் வாங்கியது குடித்தால் கசப்பே தெரியவில்லை. இரண்டாவது போலியா?”

போலியாகவும் இருக்கலாம், உண்மையான நிலவேம்பாகவே இருந்து நேரம் தப்பி அறுத்ததாகவும் இருக்கலாம். இரண்டாவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நிலவேம்பின் கசப்புக்குக் காரணம் ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற பொருள். மருந்துக்குக் கணக்கில் எடுப்பதும் அதைத்தான். ஆகவே இந்த ஒரு செடியில் நாக்கே ஓரளவுக்குச் சோதனைச்சாலை. அந்தப் பொருள் இலையில்தான் நிறைய இருக்கிறது, தண்டில் இருப்பது சிறு பங்கு. நட்டு மூன்று, நாலு மாதத்தில் செடி மொட்டு விட்டுப் பூக்கத் தொடங்கும் பாருங்கள், அப்போது இலையில் அது உச்சத்தில் இருக்கும். பூத்துக் காய் பிடித்து விதை முற்றினால் குறையும், இலையும் உதிர ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் அறுத்த செடியைக் கட்டாகக் கட்டி விற்றால், உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் குச்சி. குச்சியைக் காய்ச்சினால் கசப்பு எங்கிருந்து வரும்?

நம் பக்கத்தில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடிச் சாரலிலேயே நிலவேம்பு தழைத்துவிடும். கிழக்கே வர வர, ஐப்பசி, கார்த்திகை மழைக்குத்தான் தானாக முளைத்தது எழும்பும். ஒரே மாதத்தில் மேற்கே இருக்கிற செடி விதை கொட்டிக்கொண்டிருக்கும், கிழக்கே இருப்பது மொட்டு விட்டுக்கொண்டிருக்கும். சுற்றி வந்து சேகரிப்பவர்கள் இரண்டையும் ஒரே சாக்கில் போடுவார்கள். நான் வாங்கும்போது கட்டின் நடுவிலிருந்து நாலு செடியை உருவிப் பார்ப்பேன். நெல்லைவிட நீளமான ஒல்லிக் காய்கள் வெடித்து நின்றால் அந்தக் கட்டை வாங்க மாட்டேன். சின்ன வெள்ளைப் பூவும் மொட்டும் இருந்தால் தாராளமாக வாங்குவேன். நீங்களும் கடையில் பொடியாக வாங்காமல் செடியாக வாங்கினால் இதைப் பார்க்கலாம். தண்டு நாலு பட்டையாக இருக்கிறதா, இலை எதிரெதிராக வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அவை இருந்து கசப்பும் இருந்தால் சரக்கு சரி.

வைத்திருக்க வைத்திருக்கவும் இந்தச் சத்து குறையும். போன வருடத்து நிலவேம்பை இந்த வருடக் காய்ச்சலுக்குக் காய்ச்சாதீர்கள். இன்னொன்று, நிலவேம்புக் குடிநீர் என்பது நிலவேம்பு மட்டும் அல்ல. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் சேர்த்து ஒன்பது சரக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எடுக்கும் பருவம் இருக்கிறது. வெட்டிவேரை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றரை வருடமாவது மண்ணில் இருந்தால்தான் வேரில் எண்ணெய் முழுசாக ஊறும். காய்ச்சல் இரண்டு நாளில் இறங்காவிட்டால் குடிநீரை நம்பி உட்காராமல் ரத்தம் பார்த்துவிடுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்:

“ஐயா, என் தாத்தா மூலிகை பறிப்பதற்கு முதல் நாள் சாயங்காலமே செடிக்கு மஞ்சள் நூல் காப்புக் கட்டிவிட்டு, மறுநாள் பொழுது விடியும் முன்னால் போய்ப் பறிப்பார். நான் தாவரவியல் படிக்கிறேன். விடியற்காலை என்பதில் அறிவியல் ஏதாவது இருக்கிறதா?”

இருக்கிறது தம்பி. உங்கள் தாத்தாவைப்போல ஒரு வைத்தியர் கல்லிடைக்குறிச்சியிலிருந்து என் அப்பாவிடம் வருவார். காப்புக் கட்டாத செடியை வாங்கவே மாட்டார். சின்ன வயதில் எனக்கு அது பூசை என்று மட்டும்தான் தெரியும்.

ரணகள்ளி இலை உங்கள் ஊரில் பல வீட்டில் இருக்கும். விடிந்ததும் ஒரு துளி இலையைக் கிள்ளி நாக்கில் தொட்டுப் பாருங்கள், புளிக்கும். மத்தியானம் இன்னொரு இலையைத் தொட்டுப் பாருங்கள், புளிப்பு இருக்காது. தொட்டுப் பார்த்ததும் துப்பிவிடுங்கள். இருநூறு வருடத்துக்கு முன்னால் மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன் என்ற மருத்துவர் இதை நாக்கால் கண்டுபிடித்து 1813-ல் லண்டனுக்குக் கடிதம் எழுதினார். காலையில் புளிப்பு, மத்தியானம் சுவையற்றது, சாயங்காலம் லேசான கசப்பு என்று. காரணம் பிற்பாடு தெரிந்தது. இந்த வகைச் செடிகள் பகலில் இலைத் துளையை மூடிக்கொண்டு ராத்திரியில் காற்றை வாங்குகின்றன. வாங்கிய கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கின்றன. வெயில் வந்ததும் அந்த அமிலத்தைச் செலவழிக்கின்றன. கற்றாழையும் இதே வேலையைச் செய்கிறது. ஆக ஒரே இலை, ஒரே நாளில், காலையில் ஒரு பொருள், மத்தியானம் ஒரு பொருள்.

அபினிச் செடியின் பாலிலும் மருந்துச்சத்து ஒரே நாளுக்குள் ஏறி இறங்குவதை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். துளசி, கற்பூரவல்லி மாதிரி வாசனைச் செடிகளில் இலைமேல் உள்ள நுண்ணிய சுரப்பிகளில்தான் எண்ணெய் நிற்கிறது. உச்சி வெயிலில் பறித்து அப்படியே கூடையில் அமுக்கினால் பாதி வாசனை கூடையோடு போய்விடும். சங்கரன்கோவில் பக்கம் மல்லிகை வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில் மொட்டாகப் பறிக்கிறார்கள், வாசனை சாயங்காலம் மலரும்போதுதான் வருகிறது. எப்போது பறிக்க வேண்டும், எப்போது மணக்கும் என்பது இரண்டும் வேறு என்று அவர்களுக்குப் பாடமே வேண்டாம்.

ஆனால் விடியற்காலைதான் எல்லாச் செடிக்கும் நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. வேருக்கும் பட்டைக்கும் நேரத்தைவிடப் பருவம்தான் பெரிது. மேலே தழை காய்ந்து ஓய்கிற சமயத்தில் வேர், பூக்கத் தொடங்கும்போது இலை, முற்றியபின் விதை. அமுக்கராவைப் பாருங்கள், கீழ் இலை காய்ந்து, பழம் சிவந்த பிறகுதான் கிழங்கைத் தோண்டுகிறார்கள். நட்டு ஐந்து, ஆறு மாதம் ஆகும்.

காப்பு நூலைப் பற்றி என் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் சாயங்காலம் போய்க் கட்டுகிறவர் அந்தச் செடியை நின்று பார்க்கிறார். பூ வந்துவிட்டதா, நோய் இருக்கிறதா, பக்கத்தில் அதே மாதிரி வேறு செடி கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தெரிந்துகொள்கிறார். மறுநாள் இருட்டில் போனாலும் கை தப்பாது. நூல் கட்டியதை மட்டும் எடுப்பதால் மற்றச் செடி விதைக்கு நிற்கும். உங்கள் தாத்தா இருக்கிறார் என்றால், அவர் எந்தச் செடியை எந்த மாதம் எடுப்பார் என்று ஒரு நோட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். தள்ளிப் போடாதீர்கள். என் அப்பாவிடம் நான் எழுதி வாங்கவில்லை, இன்றைக்கும் அது எனக்குக் குறைதான்.

தென்காசியிலிருந்து ஒரு வாசகர்:

“பொதிகை மலை மூலிகை என்றால் தனி வீரியம் என்கிறார்களே, சமவெளியில் வளர்ப்பது மட்டமா?”

மட்டம் என்று சொல்ல மாட்டேன். உயரம் கூடக் கூட வெயிலில் புற ஊதாக் கதிர் அதிகம், அதைத் தாங்கச் சில செடிகள் கூடுதலாகச் சில பொருட்களைச் செய்யும், உண்மைதான். நிழலும் ஈரமும் இல்லாமல் பிழைக்காத மலைச்செடிகளும் உண்டு. ஆனால் நிலவாகையைக் கொண்டுபோய்ப் பாபநாசத்துக்கு மேலே மழையில் நட்டால் அழுகிப்போகும். அதற்கு நம் வறண்ட செவல்தான் பொதிகை. எந்தச் செடி எந்த நிலத்தில் தானாக நிற்கிறதோ அங்கே அதைப் பாருங்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் செடி பறிப்பது குற்றம். மலை மூலிகை என்று சாலையோரம் விற்பதை வாங்கினால், பறித்தவரைத் திரும்பவும் காட்டுக்குள் அனுப்புகிறோம்.

ராதாபுரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி:

“அண்ணாச்சி, தேரி என்கிற செம்மணல் மேட்டு ஓரத்தில் நித்தியகல்யாணி போட்டிருக்கிறேன். இலையையும் வேரையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். எப்போது எதை எடுப்பது? மிஞ்சிய இலையைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் வைக்கலாமா?”

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். வைக்காதீர்கள். இது விளையாட்டுச் செடி இல்லை. கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இரண்டு பேர், ஜமைக்காவில் இந்த இலையைச் சர்க்கரை நோய்க்குக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சோதித்தார்கள். விலங்குகளில் சர்க்கரை இறங்கவில்லை, ரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்தன. அந்த வழியில் போய்த்தான் 1958-ல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது. வெள்ளணுவைச் சரிக்கிற இலையை அளவு தெரியாமல் வீட்டில் காய்ச்சலாமா?

இலை வேறு, வேர் வேறு என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் இலையில்தான். அவற்றின் ஒரு பாதியான வின்டோலின் என்ற பொருளைப் பச்சை உறுப்புகள் வெளிச்சத்தில்தான் செய்கின்றன, வேரில் அது சேராது. வேரில் இருப்பது அஜ்மலிசின், ரத்த ஓட்டத்துக்கான மருந்துக்குப் போவது. இலையில் சத்து இருப்பதும் கொஞ்ச நஞ்சம்தான். வின்கிரிஸ்டின் ஒரு கிராம் எடுக்க அரை டன் காய்ந்த இலை வேண்டும் என்று சொல்வார்கள். நம் காட்டு மூட்டைகள் எத்தனை சேர்ந்தால் ஒரு குழந்தையின் ரத்தப் புற்றுக்கு ஊசி ஆகிறது என்று நினைத்துப் பார்த்தால், காம்பும் மண்ணும் கலந்து எடை கூட்ட மனசு வராது.

பொதுவாக ஆறாவது மாதமும் ஒன்பதாவது மாதமும் இலை உருவுவார்கள். ஒரு வருடத்தில் பூ ஓய்ந்து வருகிறபோது தரைக்கு மேல் நாலு விரற்கடை விட்டு அறுத்து, கடைசி இலையை எடுத்துக்கொண்டு, நிலத்தை நனைத்து வேரைத் தோண்டுவார்கள். அதற்கு முன்னால் அவசரப்பட்டுப் பிடுங்கினால் வேர் ஒல்லியாக இருக்கும். நாங்குநேரித் தம்பிக்கு யூரியா வேண்டாம் என்று மேலே எழுதியிருக்கிறேன். உங்கள் செடிக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நித்தியகல்யாணியில் இருப்பவை ஆல்கலாய்டுகள், அவற்றுக்குள்ளேயே தழைச்சத்து இருக்கிறது. அடியுரமாக மக்கிய தொழுவுரம் போட்டால் செடி அதை வீணாக்காது. நிழலில் மட்டும் வளர்க்காதீர்கள், வெளிச்சம் அதற்கு மருந்து செய்யத் தேவை.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு பாட்டியம்மா:

“மாடியில் தொட்டியில் துளசியும், தானாக முளைத்த கீழாநெல்லியும் நிற்கிறது. துளசிக் கதிரைக் கிள்ளலாமா? கீழாநெல்லியை எப்போது பிடுங்கலாம்?”

பாட்டி, துளசிக் கதிரைக் கிள்ளுங்கள். விதைக்கு இரண்டு கதிர் விட்டால் போதும். கிள்ளிய இடத்துக்குக் கீழே வருகிற கொழுந்தில் வாசனை எண்ணெய் நன்றாக இருக்கும். பழுத்த இலையில் குறைவு. காலையில் பனி உலர்ந்ததும், வெயில் ஏறும் முன்னால் பறியுங்கள்.

கீழாநெல்லியில் ஃபில்லாந்தின் என்ற சத்து முக்கியமாக இலையில் இருக்கிறது. தண்டில் கொஞ்சம், வேரில் தேடினாலும் கிடைக்காது. முளைத்து ஏறக்குறைய மூன்று மாதத்தில், இலைக்குக் கீழே நெல்லிக்காய் வரிசை கட்டி, இலை இன்னும் பச்சையாக உதிராமல் இருக்கும்போது எடுங்கள். மஞ்சள் விழுந்த பிறகு எடுத்தால் கையில் குச்சிதான் வரும். வீட்டில் யாருக்காவது காமாலை என்றால் முதலில் மருத்துவரிடம் காட்டி, அவருக்குத் தெரிந்துதான் கொடுக்க வேண்டும். உங்கள் தொட்டியில் ஐப்பசி மழைக்கு முளைத்தது என்றால் தைப் பொங்கல் கழித்துப் பிடுங்கலாம். அதற்குள் முதல் காய்கள் வெடித்து விதை மண்ணில் விழுந்திருக்கும். தொட்டி மண்ணைக் கிளறாமல் விட்டுவிடுங்கள், அடுத்த மழைக்கு அதுவே முளைக்கும்.